அளவறிந்து ஊட்டுங்கள்!

அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைக் கண்டித்து இறங்கிய அத்தியாயம் ஒன்று திருக்குர்ஆனில் உண்டு. 'அல்முதஃப்பிஃபீன்' என்பது அதன் பெயர். கடைத்தெருவில் படியைக் குறைத்து அளப்பவனுக்கான எச்சரிக்கையாகவே அதை நாம் பெரும்பாலும் ஓதிச் செல்கிறோம். ஆனால் நள்ளிரவில் குழந்தையின் நெற்றி கொதிக்க, மருந்துக் குப்பியைத் திறந்து மூடியில் ஊற்றும் தாயின் கையில் இருப்பதும் ஓர் அளவைதானே? கடைக்காரனின் படியில் குறைவு மட்டுமே குற்றம். இங்கே குறைந்தாலும் கேடு, கூடினால் பெருங்கேடு.

மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு நேருமாயின் அதற்கு அவரே பொறுப்பாளி என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத் தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. அதைப் போலி மருத்துவருக்கு உரியதென்று ஒதுக்கிவிட வேண்டாம். சீட்டுக் கேட்காமலே கடையில் எடுத்துத் தரப்படும் மருந்தைப் பொறுத்தவரை, வீட்டில் அளந்து கொடுப்பவரே அந்நேரத்து மருத்துவர்.

பெயர் பல, மருந்து ஒன்று

குரோசின், கால்பால், டோலோ என நம் ஊர்க் கடைகளில் கிடைப்பவற்றிலும், வளைகுடாவிலிருந்து வரும் பெட்டியில் சோப்புக்கும் பேரீச்சம்பழத்துக்கும் நடுவே வந்து சேரும் பனடாலிலும் உள்ள காய்ச்சல் மருந்து ஒன்றே. அதன் பெயர் பாரசிட்டமால். அமெரிக்காவிலிருந்து வரும் குப்பியாயின் அதே மருந்துக்கு அசிட்டமினோஃபென் என்று பெயர் இருக்கும். இதை அறியாதவர்கள், "கடை மருந்துக்குக் கேட்கவில்லை, வாப்பா அனுப்பிய மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம்" என்று ஒன்றன்மேல் ஒன்றாகக் கொடுத்துவிடுகிறார்கள். பெயர்தான் இரண்டு, வயிற்றுக்குள் போனது இரட்டிப்பு அளவு. சளிக்கென்று விற்கப்படும் கலவை மருந்துகள் பலவற்றிலும் இதே பாரசிட்டமால் கலந்திருக்கிறது. ஆகவே குப்பியின் முகப்பில் பெரிதாக அச்சிட்ட பெயரை விட்டுவிட்டு, கீழே சிறு எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். படிக்கத் தெரியாத பெரியவர்கள் உள்ள வீட்டில், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையே படித்துச் சொல்லட்டும்.

மருந்தின் பெயர் ஒன்றாயினும் அதன் அடர்த்தி ஒன்றல்ல. இதில்தான் பலர் தவறுகிறார்கள். 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம் உள்ள சிரப் உண்டு. அதே 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பும் உண்டு. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் அடங்கியிருக்கிறது. குப்பி சிறியது, குழந்தைக்கென்றே செய்தது, ஆகவே வீரியம் குறைந்தது என்று எண்ணுவது இயல்பு, உண்மை நேர்மாறானது. சொட்டு மருந்தைச் சிரப் என எண்ணி 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம் ஆகிவிடும். அது பெரியவர்கள் விழுங்கும் ஒரு மாத்திரையின் அளவு.

சரியான அளவைத் தீர்மானிப்பது வயதன்று, எடை. ஒரு வேளைக்கு, குழந்தையின் எடையில் ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை என்பது மருத்துவர்கள் கைக்கொள்ளும் கணக்கு. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். 120 மில்லிகிராம் சிரப்பாயின் 5 மில்லி பொருந்தும். 250 மில்லிகிராம் சிரப்பாயின் இரண்டரை மில்லியே போதும். இரண்டு வயதான இரு பிள்ளைகளில் ஒன்று ஒன்பது கிலோ, மற்றொன்று பதினான்கு கிலோ இருக்கலாமல்லவா? "பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ஒரு மூடி கொடுத்தார்கள்" என்பது நமக்குக் கணக்காகாது. பிள்ளையின் எடையை அவ்வப்போது பார்த்துக் குறித்து வையுங்கள்.

அளப்பதற்குச் சமையலறைக் கரண்டி உதவாது. ஒரு வீட்டுக் கரண்டி மூன்று மில்லி கொள்ளும், இன்னொன்று ஏழு மில்லி கொள்ளும். மருந்தோடு வரும் கோடிட்ட மூடியோ, ஊசியில்லாத சிரிஞ்சோதான் வேண்டும்.

வக்தும் இடைவெளியும்

இரு வேளைகளுக்கு இடையே குறைந்தது நான்கு மணி நேரம், கூடுமானவரை ஆறு மணி நேரம் இருக்கவேண்டும். ஒரு நாளில் நான்கு வேளைக்கு மேல் கூடாது. தொழுகை வக்தை வைத்து மருந்து கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. நல்ல எண்ணம்தான், ஆனால் அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே சுமார் மூன்று மணி நேரமே உள்ளது, ஹனஃபி வக்துப்படி இன்னும் குறைவு. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே ஒன்றேகால் மணி நேரம் இருந்தால் அதிகம். கூட்டுக் குடும்பங்களில் மற்றோர் இடரும் உண்டு. உம்மா அஸரில் கொடுத்ததை அறியாத மாமி மஃரிபில் மறுபடியும் கொடுத்துவிடுவார். கொடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் குப்பியோடு கட்டி வைத்தால் போயிற்று.

இவ்வளவு அவசரம் எதனால்? காய்ச்சல் மூளையைத் தாக்கிவிடும் என்னும் அச்சத்தால். நோய்க் கிருமியை எதிர்க்க உடல் கொள்ளும் சூடே காய்ச்சல். சாதாரணக் காய்ச்சலின் சூடு மூளையைக் கெடுப்பதில்லை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை சில குழந்தைகளுக்கு வரும் காய்ச்சல் வலிப்பையும் பாரசிட்டமால் தடுத்துவிடுவதில்லை. அம்மருந்து தருவது சுகம் மட்டுமே. 101 டிகிரியிலும் விளையாடிக்கொண்டு தண்ணீர் குடிக்கும் பிள்ளையை, வேளையாயிற்று என்று எழுப்பி உட்காரவைத்து மருந்தூட்ட வேண்டியதில்லை. மாறாக, மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டாலே மருந்தை எடுக்காதீர்கள். மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பெரியவர்களின் ஆஸ்பிரினைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாகாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரே நோய்க்கு அது வழிகோலக்கூடும். 12 வயதுக்குட்பட்டோருக்கு நிமிசுலைடு கொடுப்பதை இந்திய அரசு 2011இல் தடை செய்தது. மழைக்காலத்தில் டெங்கு ஐயம் இருக்கும்போது இபுபுரோஃபெனும் வேண்டாம், இரத்தக் கசிவை அது மிகுதிப்படுத்தும்.

தூக்கத்திற்கு மருந்தா?

ஒவ்வாமைக்கும் மூக்கொழுகலுக்கும் கொடுக்கும் மருந்துகளைப் பற்றி மனம் நொந்து ஒன்று சொல்ல வேண்டியுள்ளது. தராவீஹுக்குப் போகும்போதும், திருமண வீட்டிலும், நெடுந்தூரப் பேருந்திலும் பிள்ளை தூங்கவேண்டும் என்பதற்காகவே இவற்றைக் கொடுப்போர் உள்ளனர். குளோர்பெனிரமின், புரோமெதசின் போன்றவை தரும் தூக்கம் மூளையை மந்தப்படுத்தும் தூக்கம். புரோமெதசின் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் சுவாசத்தையே ஒடுக்கிவிடக்கூடும். குளோர்பெனிரமினும் பினைலெப்ரினும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்டோருக்குக் கொடுக்கக்கூடாதென லேபிலில் அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை 2023 டிசம்பரில் ஆணையிட்டது. தடிப்புக்கும் அரிப்புக்கும் செட்டிரிசின் ஓரளவு பாதுகாப்பானது. அதையும் மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். உதடோ நாக்கோ வீங்கி மூச்சு இழுத்தால் சிரப்பைத் தேடி நேரத்தைப் போக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டும்.

இருமல் சிரப்பைத் தொடாமலே இருப்பது மேல். 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சிறுநீரகம் பழுதாகிக் குழந்தைகள் பலர் மாண்டதும், அவர்கள் குடித்த, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கண்டறியப்பட்டதும் நாமறிந்தவை. அந்த அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே வேண்டாம் என்றும், ஐந்து வயது வரை பொதுவாக அவை ஏற்றவையல்ல என்றும் அறிவுறுத்தியது. ஒரு வயது கடந்த பிள்ளைக்கு இருமலாயின் சிறிது தேன் கொடுக்கலாம். ஒரு வயதுக்குள் தேனும் ஆகாது.

சிரப்பில் ஆல்கஹால் உண்டா, ஹலாலா என்று மருந்துக்கடையில் கேட்கும் சகோதரிகளை நான் மதிக்கிறேன். அதே மூச்சில், "ஐந்து மில்லியில் எத்தனை மில்லிகிராம்?" என்றும் கேளுங்கள்.

அளவு மீறிவிட்டதாகத் தெரிந்தாலோ, பிள்ளை தானாகவே குப்பியைத் திறந்து குடித்துவிட்டாலோ, நன்றாகத்தானே இருக்கிறது என்று விடியும்வரை காத்திருக்காதீர்கள். பாரசிட்டமால் மிகுந்தால் முதல் நாளில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தோன்றாது. அதற்குள் கல்லீரல் பழுதாகத் தொடங்கியிருக்கும். அதற்குரிய மாற்று மருந்து இருக்கிறது. எட்டு மணி நேரத்திற்குள் கிடைத்தால் மிக நன்றாக வேலை செய்கிறது. வாந்தி எடுக்க வைக்க முயலவேண்டாம். குப்பியையும், எப்போது எவ்வளவு உள்ளே சென்றது என்ற குறிப்பையும் எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.