ஐந்து முறை ஷிஃப்ட். அண்ணன் டைப் செய்த ஒரு பக்கம்

ஷிஃப்ட் கீயைத் தொடர்ந்து ஐந்து முறை தட்டிப் பாருங்கள். திடீரென்று ஒரு சிறிய விண்டோ வந்து நிற்கும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலர் இதை வைரஸ் என்று பயந்துவிடுவார்கள். முதலாண்டு இன்ஜினியரிங் படிக்கும்போது நானும் பயந்தவன்தான். இதன் பெயர் ஸ்டிக்கி கீஸ். இது யாருக்காக என்பது, என் பெரியப்பா மகன் தென்னை மரத்திலிருந்து விழுந்த பிறகுதான் புரிந்தது.

அண்ணனுக்குக் கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டது. மணிக்கட்டைத் தூக்குவார், விரல்கள் அசையாது. உள்ளங்கையில் பட்டை கட்டி, அதில் பென்சிலைச் செருகி, ரப்பர் முனையால் கீபோர்டைத் தட்டுவார். இரண்டு கீகளை எப்படிச் சேர்த்து அழுத்துவது? ஸ்டிக்கி கீஸ் ஆனில் இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினாலே போதும். விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், ஆக்சஸிபிலிட்டி, கீபோர்டு என்று செல்லுங்கள். அங்கேயே ஃபில்டர் கீஸ் இருக்கிறது. கை ஒரே கீயில் தங்கிவிட்டால் "கககக" என்று ஓடுவதை அது தடுக்கும்.

இத்தனை சிரமப்பட்டு அவர் டைப் செய்தது என்ன தெரியுமா?

ஒரு மாலை அவருக்குத் தலை பிளக்கும் வலி, முகமெல்லாம் வியர்வை. பக்கத்து கிளினிக்கில் படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார்கள். 150. "கொஞ்சம்தான் கூட இருக்கு" என்று தலைவலி மாத்திரை கொடுத்தார்கள். அண்ணனுக்கு வழக்கமாக இருப்பதோ 100! சிறுநீர்க் குழாய் மடங்கியிருந்ததை அண்ணிதான் பார்த்து நேராக்கினார். பை நிரம்ப நிரம்ப வலி இறங்கியது.

ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்ஸியா என்று இதற்குப் பெயர். மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு வரும். சிறுநீர்ப்பை நிரம்பியது அவருக்குத் தெரியாது; ரத்த அழுத்தம் மட்டும் எகிறும். மூளையில் ரத்தக்கசிவு வரை போகலாம். முதல் வேலை, நிமிர்ந்து உட்கார வைப்பது. பிறகு உடையைத் தளர்த்தி, குழாயைப் பார்க்க வேண்டும். அப்படியும் குறையாவிட்டால் உடனே பெரிய மருத்துவமனைதான்.

வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் (1966ல் தொடங்கியது) இதெல்லாம் அத்துப்படி. அதற்கு வித்திட்ட டாக்டர் மேரி வர்கீஸ், 1954 கார் விபத்தில் கால்கள் செயலிழந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை சிகிச்சை செய்தவர். தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ்.ராமகிருஷ்ணனும் தண்டுவடம் அடிபட்டவரே. ஆனால் இரவு எட்டு மணிக்கு நம் தெரு கிளினிக்கில் யாருக்குத் தெரியும்?

அதைத்தான் அண்ணன் வேர்டில் ஒரே பக்கமாக அடித்தார். எழுத்து அளவு 18. முதல் வரியில் அவருடைய வழக்கமான ரத்த அழுத்தம், அடுத்து "படுக்க வைக்காதீர்கள்". நான்கு நாள் ஆனது. "பத்து நிமிஷத்துல நான் அடிச்சுத் தர்றேனே" என்றேன்.

"நீ மெட்ராஸ்ல இருப்ப. மாத்தணும்னா யாரு மாத்துவா? நானே அடிக்கிறேன் தம்பி."

லேமினேட் செய்த அந்தத் தாள் நாற்காலியின் பின்பையில் இருக்கிறது. மருந்து மாறும்போதெல்லாம் ஃபைலைத் திறந்து திருத்தி, தேதியையும் மாற்றுகிறார். பிறகு கன்ட்ரோலை ஒரு தட்டு, பி யை ஒரு தட்டு.