மும்பை – சென்னை இருப்புப்பாதையில் ஒரு பூகோளப் பாடம்

கோடை விடுமுறை நெருங்கும்போது நம் தமிழ்க் குடும்பங்களில் இரு கவலைகள் பிறக்கும். ஊருக்குப் பயணச்சீட்டுக் கிடைக்குமா என்பது ஒன்று. பிள்ளைகளின் தேர்வு முடிவு எவ்வாறு இருக்குமோ என்பது மற்றொன்று. முன்னதைப் பற்றி இரயில்வே எழுத்தனாகிய என்னிடம் கேளாத அன்பர் குறைவு. பின்னதைப் பற்றி, அதிலும் பூகோளப் பாடத்தைப் பற்றிக் கேட்பவர் மிகச் சிலரே. ஆயினும் இவ்விரண்டிற்கும் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் பயிலும் நம் பிள்ளைகள் பாறைகள் மூவகை என்றும், பருவக்காற்று இருவகை என்றும் ஆங்கிலத்திலோ மராத்தியிலோ இந்தியிலோ மனப்பாடம் செய்கின்றனர். பெற்றோராகிய நாமோ தமிழில் கற்றவர்கள். பிள்ளை ஓர் ஐயம் கேட்டால், “உன் ஆசிரியரைக் கேள்” என்று சொல்லி அகன்றுவிடுகிறோம். நாளடைவில் பிள்ளை நம்மிடம் கேட்பதையே நிறுத்திவிடுகிறது. மதிப்பெண் குறைவதனினும் பெரிய இழப்பு இதுவேயாகும். ‘அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒன்றும் தெரியாது’ என்ற எண்ணம் இளநெஞ்சில் ஒருமுறை வேரூன்றிவிட்டால் அதனைக் களைவது எளிதன்று. யானும் பள்ளி இறுதி வகுப்போடு நின்றவனே. எனினும், ஆண்டுதோறும் நாம் சென்று வரும் பாதையே ஒரு சிறந்த பூகோள நூல் என்பதைக் கண்டுகொண்டேன். மும்பைக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 1,280 கிலோமீட்டர். அதற்குள் மூவகைப் பாறைகளும், பலவகை மண்ணும், இரு பருவக்காற்றுகளின் நிலங்களும் வரிசையாக வந்து நிற்கின்றன. ஜன்னலோரத்தில் அமர்ந்து தமிழில் விளக்குவதற்குப் பெரும் பட்டம் எதுவும் வேண்டுவதில்லை.

மலையன்று, விளிம்பு

கர்ஜத் நிலையத்தில் பெரும்பாலான வண்டிகளுக்குப் பின்னால் தள்ளுவதற்கென்று எஞ்சின்கள் பூட்டப்படுவதைப் பிள்ளைகள் கண்டிருப்பர். அங்கிருந்து லோணாவளா வரை 28 கிலோமீட்டர் தொலைவில் வண்டி ஏறத்தாழ 550 மீட்டர் உயரம் ஏறவேண்டும். சில இடங்களில் 37 அடி சென்றால் ஓர் அடி உயரும் செங்குத்தான ஏற்றம். இந்தப் போர்காட் பாதை 1863-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. இதனை அமைப்பதற்கு 25 குகைகள் குடைந்தனர். பல்லாயிரம் தொழிலாளர் பாடுபட்டனர்.

லோணாவளாவை அடைந்ததும் பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இவ்வளவு ஏறினோமே, இறக்கம் எங்கே?” இறக்கம் இல்லை! வண்டி மேட்டு நிலத்திலேயே புனேயை நோக்கி ஓடுகிறது. இவ்விடத்து மேற்குத் தொடர்ச்சி மலை இருபுறமும் சரிந்த மலையன்று. தக்காணப் பீடபூமியின் ஒடிந்த விளிம்பேயாகும். கடற்பக்கம் செங்குத்து, உட்பக்கம் கிழக்கு நோக்கிய மென்சரிவு. ஆதலினாலன்றோ, அரபிக் கடலுக்கு மிக அருகே மகாபலேசுவரத்தில் பிறக்கும் கிருஷ்ணா நதி அக்கடலை விட்டு, 1,400 கிலோமீட்டர் நடந்து வங்கக் கடலில் விழுகிறது!

மலைச்சரிவுகளை உற்று நோக்கினால் படிக்கட்டுகள் போன்ற அடுக்குகள் தெரியும். இற்றைக்கு ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், நிலத்தின் வெடிப்புகள் வழியே எரிகுழம்பு மீண்டும் மீண்டும் பொங்கிப் பரவி ஆறியதால் உண்டான அடுக்குகள் அவை. இப்பாறையைப் பசால்ட் என்பர். நெருப்பில் பிறந்ததாதலின் இது தீப்பாறை வகை. இன்றும் இது 5 லட்சம் சதுர கிலோமீட்டர்ப் பரப்பை மூடியுள்ளது. ‘தக்காண டிராப்’ என்னும் பெயரிலுள்ள டிராப் என்பது படிக்கட்டைக் குறிக்கும் சுவீடன் நாட்டுச் சொல்லினின்றும் வந்தது. இரு அடுக்குகளுக்கு இடையே சிவந்த பட்டை ஒன்று தென்பட்டால், அது முன் அடுக்கின்மேல் தோன்றிய மண். பின் வந்த குழம்பின் வெப்பத்தால் செங்கல் போலச் சுடப்பட்டது.

மழையும் மறைவும்

அரபிக் கடலினின்று வரும் தென்மேற்குப் பருவக்காற்று இவ்விளிம்பில் மோதி மேலெழுகிறது. மேலெழுந்த காற்றுக் குளிர்கிறது. குளிர்ந்த காற்று நீரைத் தாங்கமாட்டாது பொழிந்துவிடுகிறது. மும்பையில் ஆண்டுக்கு 2,200 மில்லிமீட்டருக்கு மேல் மழை. லோணாவளாப் பக்கத்தில் 4,000 மில்லிமீட்டருக்கு மேல். அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் உள்ள புனேயிலோ 700 மில்லிமீட்டர் அளவுதான். இதுவே மழை மறைவு. புத்தகத்தில் படமாகக் கிடப்பதை இங்கே கண்ணால் காணலாம். கர்ஜத்தில் வயலெல்லாம் நெல். தௌண்டு தாண்டினால் சோளமும் கம்பும்.

சோலாப்பூரை ஒட்டிய நிலம் கருமையாக இருக்கும். பசால்ட் பாறை சிதைந்து உண்டான கரிசல் மண் அது. மழையில் உப்பிக் குழைந்து, கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஈரத்தை நெடுநாள் தேக்கிப் பருத்தியையும் சோளத்தையும் காக்கும். ஆனால் ஒரு செய்தியைப் பிள்ளைகள் மறவாதிருத்தல் வேண்டும். கரிசல் மண் யாவும் எரிகுழம்பில் பிறந்ததன்று. நம் கோவில்பட்டிக் கரிசலின் அடியில் பசால்ட் இல்லை. அங்குள்ள நைஸ் பாறைகள் வறண்ட தட்பவெப்பத்தில் சிதைந்து தந்த மண் அது. நிறம் ஒன்றாயினும் பிறப்பு வேறு.

காலத்தில் பின்னோக்கி ஒரு பயணம்

கலபுரகியைக் கடந்ததும் எரிகுழம்பின் போர்வை முடிந்து, அதன் அடியில் கிடந்தது வெளிப்படுகிறது. ஷாஹாபாத், வாடி ஆகிய இடங்களில் பலகை பலகையாகப் பெயர்த்தெடுக்கும் சுண்ணாம்புக்கல்லைக் காணலாம். மும்பையிலும் புனேயிலும் நம் வீடுகளின் தளத்தில் பதிக்கும் ‘ஷாஹாபாதி’ கல் இதுவே. வாடியில் சிமெண்டு ஆலை அமைந்ததற்கும் இக்கல்லே காரணம். ஆழமற்ற பழங்கடலின் அடியில் படிந்து இறுகியதாதலின் இது படிவுப்பாறை. மரங்களும் விலங்குகளும் நிலத்தில் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே உண்டானது.

இன்னும் தெற்கே கிருஷ்ணையைத் தாண்டினால் ராய்ச்சூர். மும்பையிலிருந்து வந்த பாதையும் சென்னையிலிருந்து வந்த பாதையும் 1871-இல் கைகோத்த ஊர் இது. இங்குக் காட்சி முற்றிலும் மாறிவிடுகிறது. யாரோ ராட்சதக் குழந்தை விளையாடிவிட்டுப் போனதுபோல் உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும். இவை கிரானைட்டும், அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருமாறிய நைஸும் ஆகும். வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பாறையின் வெடிப்புகளில் நீர் புகுந்து மூலைகளை அரித்துக்கொண்டே வர, சதுரக் கட்டிகள் நாளடைவில் உருண்டைகளாயின. கூத்தியில் மலைமேல் தெரியும் கோட்டையும் இத்தகைய பாறையின்மேல் நிற்பதுதான். குண்டக்கல்லுக்கு அருகிலுள்ள வஜ்ரகரூரில், மழை பெய்தபின் மக்கள் வயல்களில் குனிந்து வைரம் தேடுவர். பூமிக்குள் 150 கிலோமீட்டருக்கும் கீழேயிருந்து கிம்பர்லைட் என்னும் பாறைக்குழம்பு ஏந்திவந்த வைரங்கள் அவை.

அடுக்களையில் ஒரு பாறை

தாடிபத்திரி, எர்ரகுண்ட்லா, கடப்பை என்று வண்டி செல்லும்போது, இல்லத்தரசியரே ஆசிரியராகலாம். நம் அடுக்களை மேடைகளில் பதித்த கடப்பைக் கல் இப்பகுதியினின்று வந்ததன்றோ! அதன்மேல் எலுமிச்சைச் சாறோ புளிக் கரைசலோ சிந்தினால் வெளுத்த தழும்பு விழுவதை அறியாத தாய் இல்லை. காரணம் யாது? கடப்பைக் கல் கருநிறத்ததாயினும் சுண்ணாம்புக்கல்லே. புளிப்பு அமிலம் சுண்ணாம்பை அரிக்கிறது. அம்மியும் ஆட்டுக்கல்லும் கருங்கல்லாதலால் எவ்வளவு புளி அரைத்தாலும் அவ்வாறு வெளுப்பதில்லை. பாறையின் வேதியியலைப் பிள்ளைக்கு விளக்க இதனினும் எளிய சோதனை உண்டோ?

இங்கே பிறைவடிவில் பரந்துள்ள பள்ளத்தில், ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, கடல் பலமுறை வந்து படிவுகளை விட்டுச் சென்றது. கோடூருக்கு அருகே மங்கம்பேட்டையில் எடுக்கும் பேரைட் என்னும் கனத்த கனிமம், எண்ணெய்க் கிணறு தோண்டுவதற்குப் பல நாடுகளுக்குச் செல்கிறது.

ரேணிகுண்டாவில் இறங்கித் திருமலைக்குச் செல்லும் குடும்பங்கள் பல. மலைப்பாதையில் ஓரிடத்தில் கீழே கிரானைட்டும் மேலே படிவுப் பாறையான மணற்கல் இறுகி உண்டான குவார்ட்சைட்டும் ஒட்டி நிற்கும். இரண்டிற்கும் இடையே உள்ளது வெறும் கோடு. அக்கோட்டிற்குள் மறைந்திருப்பதோ பல பத்துக் கோடி ஆண்டுகள். கிழிந்துபோன ஏடுகளைப் போன்ற இவ்விடைவெளியை இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நினைவுச்சின்னமாகக் குறித்துள்ளது. சிலாதோரணம் என்னும் இயற்கை வளைவும் இக்குவார்ட்சைட்டில் காற்றும் நீரும் செதுக்கியதே.

புத்தூர், திருத்தணி கடந்து அரக்கோணம் வந்ததும் நிலம் தட்டையாகிறது. ஆறுகள் கொணர்ந்த வண்டலும் மணலும் களிமண்ணும் கலந்த சமவெளி இது. வழிநெடுகக் கண்டவற்றுள் மிக இளையது. இங்கு மழையின் காலமும் வேறு. மும்பையில் சூன் முதல் செப்டம்பர் வரை பெய்தால், சென்னைக்குப் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது.

நீரை ஏற்றிய வண்டிகள்

இவற்றையெல்லாம் அறிவதால் தேர்வுக்கு அப்பால் பயன் என்ன என்று கேட்கலாம். இரு வண்டிகளின் கதையைச் சொல்கிறேன்.

2016 ஏப்ரலில் மிரஜிலிருந்து லாத்தூருக்கு இரயில் தொட்டிகளில் குடிநீர் சென்றது. 2019 சூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னை வில்லிவாக்கத்திற்குச் சென்றது. ஐம்பது தொட்டிகளில் ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர். துன்பம் ஒன்றே, நிலம் வேறு. லாத்தூரின் அடியில் பசால்ட். அப்பாறை தன்னுள் நீரை ஏற்காது. மேலே சிதைந்த பகுதியிலும் வெடிப்புகளிலும் தேங்கிய நீரே கிணற்றுக்கு வரும். மழை பொய்த்தபின் எத்தனை ஆழம் துளைத்தாலும் வெறும் பாறைத்தூளே மிஞ்சும் இடங்கள் பல. சென்னையை ஒட்டிய மணற்படிவோ நீரைத் தாங்கும் இயல்புடையது. ஆனால் அளவின்றி இறைத்ததால் மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் உட்புகுந்தது. 2018-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்ததும், மறு ஆண்டு கோடையில் ஏரிகளும் வறண்டன.

ஊரில் சேமிப்பை எல்லாம் போட்டு மனை வாங்கி ஆழ்துளைக் கிணறு தோண்டும் அன்பர்கள் நம்மிடையே பலர். துளைக்கும் முன், ‘அடியில் என்ன பாறை? நீர் எவ்வழியே சேரும்?’ என்று கேட்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருப்பின் அது குடும்பத்திற்குச் செல்வமன்றோ? அவ்வாறே, ‘தக்காணம் உறுதியான நிலம், நடுங்காது’ என்று நம்பியிருந்தோர் நடுவில்தான், 1967 டிசம்பர் 11-இல் கொய்னாவிலும், 1993 செப்டம்பர் 30-இல் லாத்தூர் மாவட்டத்துக் கில்லாரியிலும் பூமி அதிர்ந்தது. கில்லாரியில் பல்லாயிரவர் உயிரிழந்தனர். மண் சாந்தில் அடுக்கிய கனத்த கற்சுவர்கள் உறங்கியவர்மேல் சரிந்ததே பெருங்காரணம். பழைய பாறையாயினும் அதில் உள்ள பிளவுகள் உறங்கிக் கிடப்பன; இறந்தவை அல்ல.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

இவ்வாண்டுப் பயணத்தில் பிள்ளையின் கையில் ஒரு குறிப்பேடு கொடுங்கள். நிலையத்தின் பெயர், மண்ணின் நிறம், வயலில் உள்ள பயிர், பாறையின் வடிவம் – இந்நான்கையும் எழுதச் சொல்லுங்கள். நிலையப் பலகையில் கடல்மட்டத்திற்கு மேல் எத்தனை மீட்டர் என்று குறித்திருக்கும். அதையும் எழுதி, வீடு திரும்பியபின் கோடிட்டு இணைத்தால் தக்காணத்தின் குறுக்குவெட்டுப் படம் தானே உருவாகும். போகும்போது இருளில் கடந்த பகுதியை வரும்போது பகலில் காணும்படி வண்டியைத் தேர்ந்துகொள்வது நலம். ஓடும் வண்டியின் வாயிலில் நிற்கவோ, பாதையில் இறங்கிக் கல் பொறுக்கவோ ஒருநாளும் விடாதீர்கள். ஊரில் ஆற்றங்கரையில் பொறுக்கினால் போதும்.

சென்னையில் இறங்கியபின் பரங்கிமலையையும் பிள்ளைக்குக் காட்டுங்கள். அம்மலையிலும் பல்லாவரத்திலும் உள்ள பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் வாழ்ந்து மறைந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கு இப்பகுதிக் கல் எடுத்துச் செல்லப்பட்டது. அதனை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்னும் நிலவியலார், 1893-இல் அவர் பெயரையே கல்லுக்கு இட்டார். நம்மைப்போல் வெளியூர் சென்ற தமிழ்நாட்டுக் கல் அது! உலகெங்கும் நிலவியல் பயில்வோர் இன்று அப்பெயரைக் கற்கின்றனர்.

பிள்ளைகள் எம்மொழியில் தேர்வு எழுதினும் எழுதுக. பாறையும் மழையும் ஆறும் என்னவென்று முதலில் தாய்மொழியில் விளங்கிக்கொண்டவர்க்கு எம்மொழிச் சொல்லும் பிறகு எளிதே. அந்த விளக்கத்தைத் தரவேண்டிய கடமை நம்முடையது.