கல்லீரலின் காவற்படை

கல்லீரல் நோய் என்றதும் குடிப்பழக்கமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் மதுவைத் தொட்டறியாத தாய்மார்களுக்கும், ஏன், சிறுவர் சிறுமியருக்கும்கூடக் கல்லீரலில் கொழுப்பு படிவதுண்டு. யாரையும் பழிப்பதற்கு முன் உள்ளே நடப்பது என்ன என்று காண்போம்.

குடலிலிருந்து உணவுச் சத்துகளைச் சுமந்து வரும் இரத்தம் முதலில் கல்லீரலையே அடைகிறது. அதனோடு கிருமிகளும் சில வந்துவிடும். அவற்றைப் பிடித்து விழுங்க, அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழல்களில் ஒரு காவற்படை உண்டு. குப்ஃபர் செல்கள் என்பது அதன் பெயர். 1876இல் நட்சத்திர வடிவச் செல்களைக் கண்டு எழுதிய ஜெர்மானிய அறிஞர் குப்ஃபரின் பெயரே இது. ஆனால் அவர் அன்று கண்டவை காவற்செல்கள் அல்ல, அவற்றை அடுத்திருந்து வைட்டமின் 'ஏ'யைச் சேமிக்கும் வேறு செல்கள் என்பதை 1971இல் ஜப்பானிய அறிஞர் வாகே விளக்கினார்.

இவ்விரு அண்டை வீட்டாரும் சேர்ந்தே இந்நோயை வளர்க்கிறார்கள். நாம் செலவழிக்கும் அளவுக்கு மேல் உண்ணும் சர்க்கரையும் மாவும் கொழுப்பாக மாறுகின்றன. கல்லீரல் செல்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கொழுப்பு தேங்கினால் அதுவே கொழுப்புக் கல்லீரல். பலருக்கு நோய் இந்த அளவில் நின்றுவிடும். சிலருக்கோ கொழுப்பின் நஞ்சால் செல்கள் மடிகின்றன. மடியும் செல்களின் அபயக் குரல் கேட்டுக் காவற்படை பொங்கி எழுகிறது. இரசாயனங்களைச் சுரந்து, இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களையும் துணைக்கு அழைக்கிறது. பகைவன் எவனும் இல்லாத இந்தப் போரில் புண்படுவது கல்லீரலே. அந்த அழற்சி தணியாதபோது, வைட்டமினைக் காத்திருந்த நட்சத்திரச் செல்கள் நார்களை உண்டாக்கத் தொடங்குகின்றன. ஆண்டுகள் பல சென்றபின் ஈரல் தழும்பேறி இறுகிவிடும். இவ்வளவும் பெரும்பாலும் வலியின்றியே நடக்கிறது!

காவலரைக் குறை கூறிப் பயனில்லை. அவர்களைத் தூண்டும் காரணத்தை நீக்குவதே வழி. மிகை எடையுள்ள பெரியவர்கள் தம் எடையில் நூற்றுக்கு ஏழு முதல் பத்துப் பங்கைப் படிப்படியாகக் குறைத்தால், பலருக்கு அழற்சி தணிகிறது. ஒல்லியானவர்களுக்கும் இந்நோய் வரலாம். ஆகவே மருத்துவரின் சோதனையே உண்மையைச் சொல்லும். வளரும் நாம் பட்டினி கிடக்கலாகாது. இனிப்புப் பானங்களைக் குறைத்து, நாள்தோறும் ஓடியாடி விளையாடினால் போதும்.

வீட்டில் அனைவருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியது வீணாகிறதே என்று உண்ணும் அன்னையரே, உங்கள் நலனையும் எண்ணுங்கள். இறைவன் தந்த உடலைப் பேணுவதும் அவருக்கு நாம் செலுத்தும் நன்றியன்றோ!