கதை எழுப்பிய விலங்கும் கல் காட்டும் விலங்கும்

உலகில் வாழும் உயிர்களின் இயல்பை அறிய விரும்புவோர் அவற்றை நேரிற் கண்டு அறியலாம். யானையின் நடையையும் மயிலின் ஆடலையும் கண்டவர் அவற்றைப் பற்றித் தெளிவாகக் கூறுவர். ஆயின், மனிதன் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னரே மறைந்துபோன விலங்குகளின் இயல்பை எங்ஙனம் அறிவது? அவற்றைக் கண்டவர் எவரும் இலர். அவற்றின் குரலைக் கேட்டவரும் இலர். எஞ்சியிருப்பவை கல்லாய் மாறிய எலும்புகளும் அவை போன்ற சில சுவடுகளுமே. அவற்றைக் கொண்டு அறிஞர் ஒரு விலங்கை மனக்கண்முன் எழுப்புகின்றனர். கதையாசிரியர் வேறொரு விலங்கை எழுப்புகின்றனர். இரண்டும் ஒரே பெயரைத் தாங்கி நிற்குமாயின், எது மெய், எது புனைவு என்று மக்கள் மயங்குவர். வெலாசிராப்டர் என்னும் விலங்கின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

வெலாசிராப்டர் டைனோசர் இனத்தைச் சேர்ந்தது. டைனோசர் என்னும் சொல்லை 1842ஆம் ஆண்டில் ஆக்கியவர் ரிச்சர்டு ஓவன் என்னும் ஆங்கிலேய அறிஞர். 'அச்சந்தரும் பல்லி' என்பது அச்சொல்லின் பொருள். பறவைகள் நீங்கலான டைனோசர்கள் யாவும் ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் முற்றும் அழிந்தன. வெலாசிராப்டர் வாழ்ந்த காலமோ 7 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது.

இத்துணைப் பழைய விலங்கை உலகறியச் செய்தது ஒரு கதையே. மைக்கேல் கிரைட்டன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1990ஆம் ஆண்டில் 'ஜுராசிக் பார்க்' என்னும் புதினத்தை வெளியிட்டார். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் என்பார் 1993இல் அதனைத் திரைப்படமாக ஆக்கினார். கோஸ்டாரிக்கா நாட்டை அடுத்த ஒரு கற்பனைத் தீவில் செல்வர் ஒருவர் வியத்தகு விலங்குக்காட்சிச்சாலை ஒன்றை அமைக்கின்றார். டைனோசரின் குருதியைக் குடித்த கொசு மரப்பிசினில் சிக்கிக்கொண்டது என்றும், அப்பிசின் காலப்போக்கில் இறுகி அம்பர் என்னும் பொருளாயிற்று என்றும், அக்கொசுவின் வயிற்றிலிருந்த குருதியினின்று டைனோசரின் டி.என்.ஏ. கிடைத்தது என்றும் கதை கூறும். டி.என்.ஏ. என்பது ஓர் உயிரின் உடலமைப்பை வகுக்கும் நுண்ணிய இழை. அவ்விழையில் சிதைந்துபோன பகுதிகளைத் தவளையின் டி.என்.ஏ.வைக் கொண்டு நிரப்பி, டைனோசர்க் குஞ்சுகளைத் தோற்றுவிக்கின்றனர். அவை பெருகிவிடாதவாறு எல்லாவற்றையும் பெண்ணாகவே படைக்கின்றனர். ஆயினும், பால் மாறும் தவளையின் இயல்பு அவற்றுட் புகுந்துவிட்டமையால், அவை மனிதனின் திட்டத்தை மீறிப் பெருகுகின்றன.

அக்கதையில் வரும் விலங்குகளுள் மிக்க அச்சம் விளைப்பது வெலாசிராப்டரே. அஃது ஆள் உயரம் நிற்கிறது. அதன் தோல் பல்லியின் தோல்போல் இறகின்றி இருக்கிறது. பின்னங்காலின் இரண்டாம் விரலில் அரிவாள்போல் வளைந்த நகம் ஒன்று உண்டு. ஒரு விலங்கு முன்னே நின்று இரையின் கருத்தை ஈர்க்க, மற்றவை பக்கங்களில் மறைந்து வந்து பாய்கின்றன. மூடிய கதவின் கைப்பிடியைத் திருகித் திறக்கும் சூழ்ச்சியும் அதற்கு உண்டு. படம் பார்த்தவர் நெஞ்சம் நடுங்கினர்; வெலாசிராப்டர் என்றால் இதுதான் என்று நம்பினர்.

இனி, கல் கூறும் செய்தியை நோக்குவோம். 1923ஆம் ஆண்டில் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சிக் குழுவினர், ராய் சாப்மன் ஆண்ட்ரூசின் தலைமையில் மங்கோலிய நாட்டின் கோபிப் பாலைவனத்தை ஆராய்ந்தனர். அங்கே ஒரு சிறிய மண்டையோடும் வளைந்த நகம் ஒன்றும் கிடைத்தன. அவ்வருங்காட்சியகத் தலைவராகிய ஹென்றி ஆஸ்பர்ன் 1924இல் அவ்விலங்குக்கு வெலாசிராப்டர் என்று பெயரிட்டார். 'விரைந்து கவர்வது' என்பது அப்பெயரின் கருத்து.

பின்னர்க் கிடைத்த எலும்புகளையும் சேர்த்து அளந்தபொழுது அதன் உண்மை உருவம் புலனாயிற்று. மூக்கு நுனி முதல் வால் நுனி வரை அதன் நீளம் ஏறத்தாழ 6 அடி. அதனுள்ளும் வாலுக்குரிய பங்கு பெரிது. நின்றால் அதன் இடுப்பு தரையிலிருந்து ஒன்றரை அடி உயரமே இருக்கும். எடையோ 15 கிலோகிராம் அளவினது. ஆள் உயர விலங்கு என்று உலகம் அஞ்சியது, உண்மையில் வான்கோழியை ஒத்த சிறு விலங்கே ஆகும்.

அங்ஙனமாயின், கதையில் வரும் பேருருவம் எங்கிருந்து வந்தது? ஜான் ஆஸ்ட்ரம் என்னும் அறிஞர் 1964ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாண்டானா மாநிலத்தில் வேறொரு டைனோசரின் எலும்புகளைக் கண்டெடுத்து, 1969இல் அதற்கு டைனோனிக்கஸ் என்று பெயரிட்டார். அதன் நீளம் ஏறத்தாழ 11 அடி. அதன் காலிலும் அரிவாள் நகம் இருந்தது. கிரெகரி பால் என்பார் 1988இல் எழுதிய நூலில், இவ்விரண்டும் ஒரே பேரினம் எனக் கொண்டு, டைனோனிக்கசையும் வெலாசிராப்டர் என்றே குறித்தார். கிரைட்டன் அக்கருத்தைப் பின்பற்றினார். இவ்வாறு ஒன்றன் உடலுக்கு மற்றொன்றன் பெயர் சூட்டப்பட்டது. திரைப்படத்தார் அவ்வுடலை மேலும் பெருக்கிக் காட்டினர்.

உருவத்தினும் பெரிய வேறுபாடு தோலில் உள்ளது. பறவைகள் பலவற்றின் சிறகெலும்பில் வரிசையாகச் சிறு புடைப்புகள் காணப்படும். பெரிய இறகுகளின் அடிப்பகுதி எலும்போடு பிணைக்கப்படும் இடங்கள் அவை. 2007ஆம் ஆண்டில் அறிஞர் சிலர் மங்கோலியாவில் கிடைத்த வெலாசிராப்டரின் முன்கையெலும்பைக் கூர்ந்து நோக்கினர். அதிலும் அத்தகைய புடைப்புகள் ஆறு இருந்தன. ஆகவே, அதன் கைகளில் இறகுகள் இருந்தன என்பது உறுதியாயிற்று. எனினும் அக்கைகள் குறுகியவை. அவற்றைக் கொண்டு பறத்தல் இயலாது. இறகின் அடையாளத்தை ஏழு கோடி ஆண்டுகளாகக் காத்துவந்தது அச்சிறு எலும்பு. அதனைக் கேட்டறியும் கண்கள் வரும்வரை அது காத்திருந்தது.

படத்தில் அவ்விலங்கு உள்ளங்கையைத் தரை நோக்கிக் கவிழ்த்துக்கொண்டு திரிகிறது. அதன் மணிக்கட்டெலும்பு அதற்கு இடந்தராது. நாம் கைதட்டும்பொழுது உள்ளங்கைகள் ஒன்றையொன்று நோக்குவனபோல, அதன் கைகளும் உள்நோக்கியே இருந்தன. அது கூட்டமாய்க் கூடி வேட்டையாடியது என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. கதவைத் திறக்கும் சூழ்ச்சியோ முற்றும் புனைவே.

ஆயினும், கல்லில் உள்ள விலங்கு சாதுவானது என்று எண்ணிவிடுதல் கூடாது. 1971ஆம் ஆண்டில் போலந்து, மங்கோலிய நாடுகளின் அறிஞர்கள் கோபிப் பாலைவனத்தில் அரிய காட்சி ஒன்றைக் கண்டனர். வெலாசிராப்டர் ஒன்றும், புரோட்டோசெராடாப்ஸ் என்னும் புல்லுண்ணி ஒன்றும் பொருதவாறே மணலிற் புதைந்து கல்லாகியிருந்தன. வெலாசிராப்டரின் வளைந்த நகம் எதிரியின் கழுத்துப் பக்கம் ஊன்றியிருந்தது. அதன் வலக்கையோ எதிரியின் வாயில் அகப்பட்டிருந்தது. வென்றது எது என்று கூறுதற்கில்லை. இரண்டையும் மணல் வென்றது. அரிவாள் நகத்தைப் பற்றிக் கதை கூறியது பொய்யன்று என்பதற்கு இப்போரே கரி.

மறைந்த விலங்கை மீண்டும் உயிர்பெறச் செய்தல் இயலுமா என்னும் வினா இனி எழும். எலும்பு கல்லாகுங்கால், நிலத்தடி நீரிற் கரைந்துள்ள தாதுப்பொருள்கள் அதனுட் புகுந்து நிறைகின்றன; வடிவம் எஞ்சும், உயிர்ப்பொருள் எஞ்சுவதில்லை. டி.என்.ஏ. இழையும் உயிர் நீங்கியவுடன் சிதையத் தொடங்கும். நியூசிலாந்தில் வாழ்ந்து மறைந்த மோவா என்னும் பெரும்பறவையின் எலும்புகளை ஆராய்ந்து, 2012இல் அறிஞர் ஒரு கணக்கை வெளியிட்டனர். அவ்வெலும்புகளில் இருந்த டி.என்.ஏ.வில் பாதி 521 ஆண்டுகளில் சிதைந்துபோம் என்றும், கடுங்குளிரில் இருப்பினும் 68 இலட்சம் ஆண்டுகளில் அஃது அடியோடு அழியும் என்றும் அவர்கள் கணித்தனர். 2022இல் கிரீன்லாந்தின் உறைமண்ணிலிருந்து 20 இலட்சம் ஆண்டுப் பழமையுள்ள டி.என்.ஏ. எடுக்கப்பட்டது, அதுவே பெருவியப்பாகக் கருதப்பட்டது. டைனோசரின் காலமோ அதனினும் முப்பது மடங்கிற்கு மேல் தொலைவில் உள்ளது. அம்பரிற் சிக்கிய பூச்சியின் உருவம் அழியாமல் நிற்கும். அதன் வயிற்றுக் குருதியினின்று டைனோசரைப் பெறுதல் கதையில் மட்டுமே கைகூடும்.

கதையாசிரியர் செய்தது குற்றமோ எனின், அன்று. சிங்கத்தின் உடலையும் யானையின் துதிக்கையையும் இணைத்துக் கோயில் தூண்களில் யாளியை நிறுத்திய சிற்பியை எவரும் பொய்யன் என்று கூறார். அவன் கைத்திறனைப் போற்றுவர். கிரைட்டனின் விலங்கும் அத்தகையதே. அதன் உடல் ஒன்றிலிருந்தும் பெயர் மற்றொன்றிலிருந்தும் வந்தன; சூழ்ச்சி மனிதனிடமிருந்து வந்தது. 2015இல் வந்த அவ்வரிசைப் படத்தில், அவ்விலங்குகளை ஆக்கிய அறிவியலாரே, அவை இயற்கையில் இருந்தவாறு அமைந்தவை அல்ல என்று ஒப்புக்கொள்வதாகக் காட்சி உண்டு. புனைவு தன்னைப் புனைவென்று கூறிக்கொள்ளுமாயின் அதனால் தீங்கு இல்லை. புனைவை உண்மையெனக் கொள்வதே தீங்கு.

அத்தீங்கு கதை கேட்போர்க்கு மட்டும் உரியதன்று. அறிஞரையும் அது விட்டதில்லை. கோபிப் பாலைவனத்தில் 1923இல் கிடைத்தவற்றுள், முட்டைக் குவியல் ஒன்றின்மேல் இறந்துகிடந்த மற்றொரு டைனோசரும் இருந்தது. அம்முட்டைகள் புரோட்டோசெராடாப்சுக்கு உரியவை என்றும், அவற்றைத் தின்ன வந்த விலங்கு அங்கேயே மடிந்தது என்றும் கருதினர். ஆஸ்பர்ன் அதற்கு 'முட்டைத் திருடன்' எனப் பொருள்படும் ஓவிராப்டர் என்னும் பெயரை இட்டார். அப்பெயர் தவறான எண்ணத்தைத் தரக்கூடும் என்று அவரே எச்சரிக்கையும் செய்திருந்தார். எழுபது ஆண்டுகள் கழித்து, திரைப்படம் வெளிவந்த அதே 1993இல், மங்கோலியாவில் அத்தகைய முட்டை ஒன்றினுள் கருவின் எலும்புகள் காணப்பட்டன. அக்கரு ஓவிராப்டரின் குடும்பத்தைச் சேர்ந்தது! அக்குடும்பத்து விலங்குகள் கைகளை விரித்து முட்டைகளை மூடியவாறு கல்லாகியிருந்தமையும் பின்னர்த் தெரியவந்தது. திருடன் எனப்பட்டது தன் முட்டைகளோடு உயிர்விட்ட பெற்றோரே என்று அறிஞர் இன்று கருதுகின்றனர். ஒருமுறை இட்ட பெயரை மாற்றுதல் விலங்கியல் மரபன்று. ஆதலின் பழி நீங்கியும் பெயர் நீங்காது நிற்கிறது.

எலும்பு தானே பேசாது. கேட்பவர் தம் அச்சத்தையோ விருப்பத்தையோ அதன் வாயில் வைத்துப் பேசச் செய்தல் எளிது. பொறுமையோடு நோக்கி, சான்று கூறுமளவே கூறி நிற்றல் அரிது. முந்தியவர் கூறியதையும் புதிய சான்று கண்டவிடத்துத் திருத்திக்கொள்வதே அறிவுடையோர் நெறி.

டைனோசரை உயிரோடு காண விழைவோர் கற்பனைத் தீவிற்குச் செல்ல வேண்டுவதில்லை. வெலாசிராப்டரின் நெருங்கிய உறவினமாகிய டைனோசர்களினின்றே பறவைகள் தோன்றின என்பது இன்று அறிஞர் உடன்பட்ட முடிபு. முற்றத்தில் குப்பையைக் கிளறும் கோழியின் கால்களை உற்று நோக்குக. செதில் படிந்த அக்கால்களும், முன்னோக்கிய மூன்று விரல்களும், கூரிய நகங்களும் பழங்காலத்து உறவை இன்றும் காட்டி நிற்கின்றன. கதை எழுப்பிய விலங்கு திரையோடு மறையும். கல் காட்டும் விலங்கின் சுற்றமோ நாள்தோறும் நம் வாயிலில் வந்து இரை தேடுகிறது.