மாலத்தீவின் காற்றும் கடலும்: பிள்ளைகளை அங்கே அனுப்பியுள்ள குடும்பங்களின் கவனத்திற்கு



நம் ஜமாஅத்தைச் சேர்ந்த பிள்ளைகள் பலர் மாலத்தீவில் வேலை பார்க்கிறார்கள். சென்ற வைகாசியில் ஒரு தாய் நம் அலுவலகத்திற்குப் பதறியபடி வந்தார். மகன் தங்கியிருக்கும் அறைக்குள் கடல்நீர் புகுந்துவிட்டதாக இரவில் செய்தி வந்திருக்கிறது. அதன் பிறகு தொடர்பு இல்லை. "மழையும் இல்லை, புயலும் இல்லையாம். பிறகு எப்படிக் கடல் வரும்?" என்று கேட்டார். மகன் எந்தத் தீவில் இருக்கிறார் என்று நாம் கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அல்ஹம்துலில்லாஹ், மறுநாள் மகனே பேசிவிட்டார். ஆனால் அந்தத் தாயின் கேள்விக்கு விடை எல்லாக் குடும்பங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று கருதி இதை எழுதுகிறோம்.

மாலத்தீவு என்பது ஒரே தீவு அன்று. கன்னியாகுமரிக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 600 கிலோமீட்டரில் தலைநகர் மாலே இருக்கிறது. வடக்கிலிருந்து பூமத்திய ரேகையைத் தாண்டித் தெற்கு வரை சுமார் 870 கிலோமீட்டர் நீளத்திற்கு 1,190 அளவில் சிறு தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. பவளப்பாறைகள் வளையமாக அமைந்து நடுவே அமைதியான நீரைக் கொண்டிருப்பதை அட்டோல் என்பார்கள். அந்தச் சொல்லே அவர்களுடைய திவேஹி மொழியிலிருந்து உலகத்திற்குப் போனது. தீவுகளின் நிலப்பரப்பில் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரம் கூட இல்லை.

அங்கே ஆண்டுக்கு இரண்டு காற்றுக் காலங்கள். ஏறத்தாழ மே முதல் நவம்பர் வரை மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும் காலத்தை ஹுளங்கு என்கிறார்கள். நம் மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் காற்றை ஒத்தது அது. மழையும் கொந்தளிப்பும் அப்போதுதான் மிகுதி. டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்கிலிருந்து வரும் வாடை இருவை எனப்படும். வானம் தெளிந்து, கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும் காலம் அது. தெற்கு அட்டோல்களில் இந்தப் பிரிவு இவ்வளவு தெளிவாக இராது. வடக்கைவிட அங்கே மழையும் கூடுதல். ஆகவே வடக்கில் இருப்பவர் "இங்கே வெயில்" என்று சொல்லும் அதே நாளில் தெற்கில் இருப்பவர் மழையில் நிற்கலாம்.

அத்தீவினர் ஆண்டை 13, 14 நாட்கள் கொண்ட 27 பகுதிகளாகப் பிரித்து, எதில் மீன் வரும், எதில் பயணம் கூடாது என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்கு வைத்திருந்தார்கள். அவற்றுக்கு நகை என்று பெயர். அஸ்ஸிதா, கேதி, ரோனு என்று அவர்கள் சொல்பவை நம் அசுவினி, கார்த்திகை, ரோகிணிதாம். ஹிஜ்ரி 548இல் (கி.பி. 1153) இஸ்லாத்தை ஏற்ற பிறகும் கடலோடிகளின் இந்தக் காலக்கணக்கு நீடித்தது. இப்போது பருவம் முன்பின்னாகிறது என்பதால் அதை மட்டும் நம்பிப் பயணம் செய்வது போதாது.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருவோம். தென்துருவப் பெருங்கடலை ஒட்டிய பகுதியில் ஓயாமல் பலத்த காற்று வீசுகிறது. அங்கே எழும் பேரலைகள் நான்கைந்து நாட்கள் பயணம் செய்து, பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து மாலத்தீவை அடைகின்றன. ஆழ்கடலில் படகில் இருப்பவருக்கு அவை மெதுவாக ஏறி இறங்கும் நீராகத்தான் தெரியும். ஆழம் குறைந்த பவளத்திட்டை எட்டியதும் நிமிர்ந்து உடைகின்றன. அலைச்சறுக்கு விளையாட்டிற்காக வெளிநாட்டினர் தேடி வருவதும் இதே அலைகளைத்தான். மேலே வானம் நீலமாக இருக்கும். இலை கூட அசையாது. ஆயினும் கடல் ஊருக்குள் வரும்.

2007 மே மாத நடுவில் இப்படி வந்த அலைகள் மாலத்தீவின் பல தீவுகளில் வீடுகளுக்குள் நீரைக் கொண்டுவந்தன. அது அமாவாசையை ஒட்டிய நாட்கள். பிறை தொடங்கும் போதும் பிறை 14, 15லும் கடலின் ஏற்றம் இயல்பாகவே அதிகம். அந்நேரம் பேரலையும் சேர்ந்தால் தாழ்ந்த தீவு தாங்காது.

இதே அலை நம் கரைக்கும் வருகிறது. குமரியிலும் கேரளத்திலும் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். திருடனைப் போலச் சொல்லாமல் வருவதால் அந்தப் பெயர். 2024 மே 6 அன்று குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் உயிரிழந்தது இத்தகைய கடலில்தான். அதுவும் அமாவாசைக்கு இரண்டு நாள் முந்தி. பெருநாள் மாலையில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லும் நாம் இதை மறக்கலாகாது.

ஆகவே கீழ்க்கண்டவற்றை வேண்டிக்கொள்கிறோம்:

1. பிள்ளை இருக்கும் தீவின் பெயர், அட்டோலின் பெயர், உடன் வேலை செய்பவர் ஒருவரின் எண் ஆகிய மூன்றையும் வீட்டில் எழுதி வையுங்கள். டிரஸ்ட் அலுவலகப் பதிவேட்டிலும் எழுதித் தாருங்கள்.

2. ஒரே அட்டோலுக்குள் போகும் படகுப் பயணமும், அட்டோல்களுக்கு இடையிலான திறந்த கடலைக் கடக்கும் பயணமும் ஒன்றல்ல. ஹுளங்கு காலத்தில் இரண்டாவது பயணத்தை, அந்நாட்டு வானிலைத் துறை எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில், தள்ளிப்போடச் சொல்லுங்கள். எந்தப் படகிலும் உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏற வேண்டாம்.

3. தரைத்தளத்தில் தங்குபவர்கள் பாஸ்போர்ட்டையும் வேலை அனுமதிச் சீட்டையும் நீர் புகாத உறையில், உயரமான இடத்தில் வைக்கட்டும்.

4. நம் கடற்கரைக்குப் போகும் முன், ஹைதராபாத்திலுள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் அலை எச்சரிக்கை கொடுத்திருக்கிறதா என்று பாருங்கள். வானம் தெளிவாக இருக்கிறது என்பது மட்டும் அத்தாட்சி ஆகாது.

காற்றைத் திருப்பி விடுபவன் அல்லாஹ். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அந்தத் தாய் மறு வாரமே வந்து மகனின் தீவின் பெயரைப் பதிவேட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மற்ற குடும்பங்களும் வரும் ஜும்ஆவுக்குள் வந்து எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். கடல் கடந்திருக்கும் நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக, ஆமீன்.