பழைய காரில் கையேடு இல்லையா? சேசிஸ் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

பழைய கார் வாங்கும்போது நாம் எதையெல்லாம் பார்க்கிறோம்? எஞ்சின் சத்தம், டயர், ஏர்கோன், மைலேஜ், கிரான். கிளவ் பாக்ஸைத் திறந்து கையேடு இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு.

பணம் கட்டி, பெயர் மாற்றி, வண்டியை வீட்டுக்குக் கொண்டு வந்தாயிற்று. சில வாரம் கழித்து மீட்டரில் இதுவரை பார்க்காத ஒரு மஞ்சள் விளக்கு எரிகிறது. அப்போதுதான் தேடுகிறோம். கிளவ் பாக்ஸில் பழைய ரசீதும் டிஷ்யூ பொட்டலமும்தான் இருக்கின்றன.

தொலைந்த கையேட்டைப் பெரும்பாலும் பணம் செலவழிக்காமலேயே திரும்பப் பெறலாம். ஆனால் எந்தக் கையேடு உங்கள் வண்டிக்குரியது என்பதில்தான் பலரும் தவறிவிடுகிறார்கள்.

கையேடு இல்லாவிட்டால் என்ன நஷ்டம்?

கையேடு இல்லாமலும் வண்டி ஓடும். பிரச்சினை வரும் நாளில்தான் அதன் அருமை தெரியும். சில உதாரணங்கள்:

- ரிமோட் சாவியின் பேட்டரி தீர்ந்துவிட்டது. பல கார்களில் அந்தச் சாவிக்குள்ளேயே ஓர் உலோகச் சாவி ஒளிந்திருக்கும். அதை எப்படி வெளியே எடுப்பது, அதன்பின் எஞ்சினை எப்படி முடுக்குவது என்பது கையேட்டில் இருக்கும்.

- வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, ஜம்பர் கேபிள் போட வேண்டும். சில கார்களில் பேட்டரி முன்பக்கம் இருக்காது, பின்னால் பூட்டில் இருக்கும். கேபிளை எந்த இடத்தில் மாட்டுவது என்று தெரியாமல் தொட்டால் மின்சாதனங்கள் கெட்டுப்போகலாம்.

- குழந்தை இருக்கை பொருத்த வேண்டும். மலேசியாவில் தனியார் வாகனங்களில் 2020 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். எந்த இருக்கையில் பொருத்தலாம், கொக்கி எங்கே இருக்கிறது என்பது வண்டிக்கு வண்டி மாறும். காற்றுப்பை இயங்கும் முன் இருக்கையில், பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை இருக்கையை வைக்கவே கூடாது. காற்றுப்பை விரிந்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

"ஃபோமனுக்குத் தெரியாததா?"

அனுபவமுள்ள ஃபோமனுக்கு நிறையத் தெரியும், சந்தேகமில்லை. ஆனால் ஒரே பெயரில் ஓடும் எல்லா வண்டிகளும் ஒன்றல்ல.

பெரோடுவா மைவியை எடுத்துக்கொள்வோம். 2005இல் முதல் தலைமுறை, 2011இல் இரண்டாவது, 2017இல் மூன்றாவது. மூன்றாம் தலைமுறை மைவியின் ஆட்டோ கியரில் முதலில் நான்கு வேக கியர்பாக்ஸ் இருந்தது. 2021 நவம்பரில் முகம் மாறி வந்தபோது அதற்குப் பதில் சிவிடி கியர்பாக்ஸ் வந்தது.

புரோட்டோன் சாகாவில் நடந்தது நேர் எதிர். 2016இல் வந்த சாகாவின் ஆட்டோ கியர் சிவிடி. 2019இல் முகம் மாறியபோது அதை எடுத்துவிட்டு நான்கு வேக கியர்பாக்ஸ் வைத்தார்கள்.

இரண்டுக்கும் எண்ணெய் வேறு. சிவிடி பெட்டிக்குள் ஓர் உலோகப் பெல்ட் இரண்டு உருளைகளைப் பிடித்துச் சுழல்கிறது. அந்தப் பிடிப்புக்கென்றே தயாரிக்கப்பட்ட எண்ணெய்தான் அதற்குத் தேவை. சாதாரண ஆட்டோ கியர் எண்ணெயை ஊற்றினால் பெல்ட் வழுக்கித் தேய ஆரம்பிக்கும். பிறகு கியர்பாக்ஸையே மாற்றும் நிலை வரலாம். அதற்குப் பல ஆயிரம் ரிங்கிட் ஆகும்.

அதனால் "மைவி மேனுவல்" என்று தேடினால் போதாது. எந்த ஆண்டு, எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ் என்பது வரை தெரிய வேண்டும்.

முதலில் எந்த விவரங்களை எடுக்க வேண்டும்?

கிரானைக் கையில் எடுங்கள். அதில் சேசிஸ் எண், எஞ்சின் எண், தயாரித்த ஆண்டு, பதிவு செய்த தேதி எல்லாம் இருக்கும்.

தயாரித்த ஆண்டும் பதிவு செய்த ஆண்டும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கையேடு தேடும்போது தயாரித்த ஆண்டே முக்கியம். முகம் மாறிய ஆண்டில் வந்த வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை.

அடுத்து, கிரானில் உள்ள சேசிஸ் எண்ணை வண்டியில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். அது முன் கண்ணாடியின் கீழ் ஓரத்தில், ஓட்டுநர் கதவுத் தூணில், பானட்டுக்குள் எஞ்சினுக்குப் பின்னால் உள்ள தகட்டில், சில கார்களில் முன் இருக்கைக்கு அடியில் இருக்கும். இரண்டும் பொருந்தவில்லை என்றால் கையேட்டை விடுங்கள், அதைவிடப் பெரிய பிரச்சினை இருக்கிறது. சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் போவதே சரி.

மலேசியாவில் தயாரான கார்களில் அந்த எண் 17 இலக்கமும் எழுத்துமாக இருக்கும். புரோட்டோன் என்றால் பிஎல்1 என்றும், பெரோடுவா என்றால் பிஎம்2 என்றும் தொடங்கும். இந்த 17 இலக்க முறையில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் வராது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக்கூடாது என்பதற்காகவே அவற்றை விட்டுவிட்டார்கள். ஆகவே ஓ போலத் தெரிவது பூஜ்யம்தான்.

எங்கே தேடுவது?

இந்த வரிசையில் போனால் அலைச்சல் குறையும்.

1. விற்றவரிடம் கேளுங்கள். முந்தைய உரிமையாளர் வீட்டு அலமாரியில் அது சும்மா கிடக்கலாம். வண்டியைச் சுத்தம் செய்தபோது வியாபாரி எடுத்து வைத்திருக்கலாம். இன்னும் பணம் கட்டவில்லை என்றால், கையேடு, சேவைப் புத்தகம், இரண்டாவது சாவி மூன்றையும் கேட்டுவிட்டே கையெழுத்துப் போடுங்கள்.

2. தயாரிப்பு நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையத்தளம். பல நிறுவனங்கள் கையேட்டை பிடிஎஃப் கோப்பாக வைத்திருக்கின்றன. மலேசியத் தளத்தில் இல்லையென்றால், அதே வண்டி விற்கப்படும் வேறு நாட்டுத் தளத்தில் பாருங்கள். ஆனால் பராமரிப்பு இடைவெளி, எரிபொருள், பாதுகாப்பு அம்சங்கள் நாட்டுக்கு நாடு மாறும்.

3. அதிகாரபூர்வ சேவை நிலையம். சேசிஸ் எண்ணைச் சொல்லி உதிரிபாகப் பிரிவில் கேளுங்கள். கையேட்டுக்கும் ஓர் உதிரிபாக எண் உண்டு. அச்சுப் பிரதி இருந்தால் வரவழைத்துத் தருவார்கள்.

4. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடைகள், முடா, கேரசெல், ஷாப்பி போன்ற தளங்கள். வாங்குவதற்குமுன் அட்டையையும், எந்த ஆண்டு, எந்த மாடல் என்று அச்சிட்ட பக்கத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தயாரிப்பு நின்றுபோன வண்டி என்றால், அதன் உடன்பிறப்பைத் தேடலாம். புரோட்டோன் இன்ஸ்பைரா அடிப்படையில் மிட்சுபிஷி லான்சர். பெரோடுவா அரூஸும் டொயோட்டா ரஷ்ஷும் ஒரே குடும்பம். ஜாக் எங்கே வைப்பது, பல்ப் எப்படி மாற்றுவது போன்றவற்றுக்கு உடன்பிறப்பின் கையேடு கை கொடுக்கும். எண்ணெய் அளவு, டயர் காற்றழுத்தம் போன்ற எண்களை மட்டும் அதிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள்.

ரீகான் கார் என்றால்?

அல்பார்ட், வெல்பயர், ஹாரியர் என்று ஜப்பானிலிருந்து வரும் ரீகான் கார்களில் சிக்கல் வேறு விதம். கையேடு இருக்கும், ஆனால் ஜப்பானிய மொழியில் இருக்கும்.

இந்த வண்டிகளுக்கு 17 இலக்க எண் கிடையாது. மாடல் குறியீடு, ஒரு சிறு கோடு, பிறகு வரிசை எண் என்று இருக்கும். 2.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு வந்த 30 வரிசை அல்பார்ட் என்றால் ஏஜிஎச்30 என்று தொடங்கும். 17 இலக்கம் கேட்கும் தளங்களில் இதை அடித்தால் எதுவும் வராது. எண் தவறு என்று பயப்பட வேண்டாம். அந்த மாடல் குறியீட்டை வைத்துத் தேடுங்கள்.

டொயோட்டா, ஹோண்டா போன்ற நிறுவனங்களின் ஜப்பானியத் தளங்களில் கையேடுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. கைபேசியின் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து கேமராவைக் காட்டினால் ஓரளவு புரியும். எண்களும் படங்களும் எந்த மொழியிலும் ஒன்றுதான். ஆனால் "செய்", "செய்யாதே" என்று வரும் இடங்களில் இயந்திர மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி இறங்க வேண்டாம்.

கையேட்டால் தீராத பிரச்சினையும் ஒன்று உண்டு. ரேடியோவில் உள்ளூர் நிலையங்கள் பல வரவில்லையே என்று பட்டன்களைத் தட்டிக் களைத்துப்போகிறவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானிய எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி நம்முடையதைவிடக் கீழேயே முடிந்துவிடும். நம்முடையது 87.5 முதல் 108 வரை. ரேடியோவை மாற்ற வேண்டும், அல்லது அலைவரிசையை மாற்றித்தரும் கருவி போட வேண்டும்.

கையேடு கிடைக்கும்வரை?

வண்டியே கொஞ்சம் பேசும்.

- ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்றழுத்த அட்டவணை ஒட்டியிருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறம். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அந்த அளவுக்குக் காற்றடிக்கக் கூடாது.

- எஞ்சின் எண்ணெய் மூடியில் 0டபிள்யூ-20 போன்ற குறியீடு சில கார்களில் இருக்கும்.

- ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் எந்த ஃபியூஸ் எதற்கு என்ற வரைபடம் இருக்கும்.

- ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு நிற கேபிள்கள் உயர் மின்னழுத்தம். தொடவே வேண்டாம்.

- விளக்குகளின் நிறம். சிவப்பு என்றால் பாதுகாப்பான இடம் பார்த்து நிறுத்துங்கள். மஞ்சள் என்றால் சீக்கிரம் காட்டுங்கள். பச்சையும் நீலமும் பெரும்பாலும் தகவல்தான். சிறிய கார்கள் பலவற்றில் காலையில் எரியும் நீல வெப்பமானி விளக்கு, எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று மட்டுமே சொல்கிறது. அதே படம் சிவப்பில் எரிந்தால் எஞ்சின் கொதிக்கிறது. நிறுத்திவிடுங்கள், சூடு தணியும்முன் ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

எதில் ஏமாறக்கூடாது?

"இலவச மேனுவல்" என்று சொல்லிவிட்டு வங்கி அட்டை எண்ணைக் கேட்கும் தளங்கள் உண்டு. கையேட்டைப் படிக்க ஒரு செயலியை நிறுவச் சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிடிஎஃப் கோப்பைத் திறக்கப் புதிய செயலி எதுவும் தேவையில்லை. ஏபிகே கோப்பு மூலம் வங்கிக் கணக்கில் கை வைக்கும் மோசடி நம் நாட்டில் புதிதல்ல. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் உடனே உங்கள் வங்கியையோ, தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள்.

உரிமையாளர் கையேடும் பட்டறைக் கையேடும் வேறு வேறு. பின்னது மெக்கானிக்குகளுக்கானது, ஆயிரக்கணக்கான பக்கம் ஓடும். நமக்கு வேண்டியது முன்னது.

அதே எண்ணால் இன்னொரு வேலை

சேசிஸ் எண்ணைக் கையில் எடுத்தாயிற்று. அதைக் கொண்டு, கையேட்டைவிட அவசரமான ஒன்றையும் பார்த்துவிடுங்கள். உங்கள் வண்டி ரீகால் பட்டியலில் இருக்கிறதா?

குறையுள்ள பாகத்தை மாற்ற நிறுவனம் வண்டியைத் திரும்ப அழைப்பதுதான் ரீகால். அந்தக் கடிதம் நிறுவனத்திடம் பதிவான உரிமையாளரின் முகவரிக்குப் போகும். வண்டி இரண்டு மூன்று கை மாறியிருந்தால் உங்களுக்கு அது வந்திருக்காது.

தக்காத்தா காற்றுப்பை விவகாரம் நினைவிருக்கலாம். அதில் பயன்படுத்தப்பட்ட அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் ஆண்டுக்கணக்கில் கெட்டுவிடுகிறது. விபத்தில் காற்றுப்பை விரியும்போது உள்ளிருக்கும் உலோக உறை வெடித்து, துண்டுகள் பயணிகள்மீது பாய்கின்றன. 2014 ஜூலையில் சரவாக்கின் சிபுவில் நடந்த விபத்தில் ஹோண்டா சிட்டி ஓட்டிய கர்ப்பிணி ஒருவர் இறந்தார். இந்தக் காற்றுப்பையால் அமெரிக்காவுக்கு வெளியே நேர்ந்ததாக அறியப்பட்ட முதல் மரணம் அதுதான். நம்முடையதைப் போன்ற வெப்பமண்டல நாடுகளில் பழைய வண்டிகளுக்கே ஆபத்து அதிகம்.

ஹோண்டா மலேசியா தளத்தில் சேசிஸ் எண்ணைக் கொடுத்து உடனே பார்த்துக்கொள்ளலாம். மற்ற வண்டிகளுக்கு அந்தந்த நிறுவனத்தின் சேவை நிலையத்தை அழையுங்கள். ரீகான் வண்டி வைத்திருப்பவர்களும் கேளுங்கள். காற்றுப்பை ரீகாலில் பாகத்துக்கும் வேலைக்கும் கட்டணம் இல்லை.

கையேடு கிடைத்துவிட்டதா?

முந்நூறு பக்கத்தையும் படிக்க யாருக்கும் நேரமில்லை. நான்கு பகுதிகளை மட்டும் படியுங்கள்: எச்சரிக்கை விளக்குகள், அவசர நேரத்தில் செய்ய வேண்டியவை, குழந்தை இருக்கை, பராமரிப்பு அட்டவணை. அவசரப் பகுதியை அச்சிட்டு கிளவ் பாக்ஸில் வையுங்கள். கைபேசி சார்ஜ் தீர்ந்த நேரத்தில் பிடிஎஃப் உதவாது.

பிறகு ஒருநாள் அந்த வண்டியை நீங்கள் விற்கும்போது, அச்சிட்ட தாள்களையும் சேர்த்தே கொடுத்துவிடுங்கள்.