முற்றத்துக்கு ஏற்ற குடைக் கோரை

சின்ன காஞ்சிபுரத்துப் பழைய நெசவாளர் வீடுகள் குறுகலாகவும் நீளமாகவும் இருக்கும். திண்ணை, தறிக்குழி உள்ள கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போகும். முற்றத்துக்கும் கொல்லைக்கும் சிமெண்டு பூசிய பிறகு அங்கே செடி வளர்ப்பதென்றால் தொட்டிதான் வழி. தொட்டிச் செடிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகல், இரண்டு நாள் ஊற்ற மறந்தால் வாட்டம். குடைக் கோரைக்குத் தேங்கும் தண்ணீர்தான் வாழ்வே. ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் நீர்க்கரைகளில் வளரும் செடி இது. நர்சரியில் 'அம்ப்ரெல்லா பாம்' என்று கேட்டால் கொடுப்பார்கள். பனைக்கும் இதற்கும் உறவு கிடையாது. நாம் படுத்துறங்கும் பாய்க்கோரைக்கும், எகிப்தியர் எழுதுவதற்குத் தாள் செய்த பாப்பிரஸுக்கும்தான் இது நெருங்கிய சொந்தம். கோடையில் குடிக்கவே தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் சதுப்புநிலச் செடி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனாலும் இந்த ஊர் வீடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான அழகுச் செடி அரிது என்பதே என் எண்ணம்.

காரணம், இதற்கு நல்ல தண்ணீர் தேவையில்லை. அரிசி களைந்த தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர், ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் எல்லாம் இன்று நேராகச் சாக்கடைக்குப் போகின்றன. குடைக் கோரை அவற்றிலேயே செழிக்கும். நீரில் மூழ்கிய மண்ணில் காற்று இருக்காது. மற்றச் செடிகளின் வேர் அங்கே மூச்சுமுட்டிச் சாகும். கோரை இனத்தின் தண்டிலும் வேரிலும் பஞ்சுபோல் காற்றறைகள் நிறைந்த திசு இருக்கிறது. மேலிருந்து ஆக்சிஜன் அதன் வழியே வேருக்கு இறங்குகிறது. அதில் கொஞ்சம் கசிந்து வேரைச் சுற்றியுள்ள பாக்டீரியாக்களுக்கும் கிடைக்க, அவை நீரில் உள்ள அழுக்கைச் சிதைக்கின்றன. மிஞ்சும் சத்தைச் செடி எடுத்துக்கொள்கிறது. 1950-களில் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கேதே சைடல் என்ற ஆய்வாளர் இந்த இனச் செடிகளைக் கொண்டு அழுக்கு நீரைத் தெளியவைக்கும் சோதனைகளைத் தொடங்கினார். சரளைப் படுகையில் நீர்ச்செடி நட்டுக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது. நம் பக்கத்து ஆரோவில்லிலும் அந்த முறை நடைமுறையில் இருக்கிறது.

இதை வைத்துப் பட்டுச் சாயப்பட்டறைத் தண்ணீரையும் கோரைத் தொட்டியில் ஊற்றலாமே என்று யாராவது சொன்னால், கூடவே கூடாது. பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசை நீக்கிய தண்ணீரில் காரம் மிகுதி. சாயமோ, எளிதில் சிதையாமல் நிற்க வேண்டும் என்றே தயாரிக்கப்படுவது. ஒரு தொட்டிச் செடி அதைச் செரிக்காது. செடி பட்டுப்போகும், சாயம் அப்படியே கிடக்கும். பாத்திரம் கழுவிய எண்ணெய்ப் பிசுக்குத் தண்ணீரையும் விலக்குவது நல்லது.

அடுத்த தடை கொசு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நீரின் விளிம்பை ஒட்டித்தான் முட்டையிடும். முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். ஆகவே தண்ணீர் வெளியே தெரியும்படி வைக்கவே கூடாது. அடியில் ஓட்டையில்லாத, ஒன்றரை அடி அகலத் தொட்டியில் முக்கால் பங்கு களிமண் கலந்த வண்டல் நிரப்பிச் செடியை நடுங்கள். மேலே மூன்று நான்கு விரற்கடை உயரத்துக்குச் சரளைக்கல் பரப்புங்கள். தண்ணீர் மட்டம் எப்போதும் சரளைக்குக் கீழேயே நிற்க வேண்டும். மழைக்காலத்தில் நிரம்பி மேலே வராமலிருக்க, சரளை மட்டத்துக்குக் கீழே பக்கவாட்டில் ஒரு துளை போட்டுக் கொசுவலைத் துணியால் மூடிவிட்டால் கவலையில்லை. செடியைப் பற்றிய பயத்தைவிட, மூடாத டிரம்மையும் மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயரையும் பற்றித்தான் நாம் பயப்பட வேண்டும்.

பராமரிப்பு அதிகமில்லை. அரைநாள் வெயில் போதும். சித்திரை, வைகாசி அனல்காற்றில் குடைநுனி பழுப்பேறும், அப்போது நிழல் பக்கம் நகர்த்தலாம். முற்றிக் காய்ந்த தண்டை அடியோடு வெட்டினால் புதுத் தளிர் வரும். தண்ணீர் உப்பாக இருந்தாலும் நுனி கருகும் என்பதால், மழை பெய்யும்போது தொட்டியைத் திறந்த வெளியில் வைத்து உப்பைக் கழுவவிட வேண்டும். புதுச் செடிக்குக் காசு கொடுக்க வேண்டியதும் இல்லை. ஒரு குடையைக் கீழே நான்கு விரற்கடைத் தண்டு விட்டு வெட்டி, இலைநுனிகளைப் பாதியாக நறுக்கி, தலைகீழாகத் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் இலைகள் கூடும் நடுப்பகுதியிலிருந்து வெள்ளை வேர் இறங்கி, அதே இடத்தில் பச்சைக் குருத்து எழும். வேர் விடும்வரை இரண்டு நாளுக்கு ஒருமுறை அந்தத் தண்ணீரை மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு எளிதாகப் பெருகுவதே கடைசி ஆட்சேபத்துக்கும் இடம் தருகிறது. விவசாயிக்குக் கோரை என்றாலே களைதான். கிழங்கு விட்டுப் பரவும் வயல்கோரை உலகின் மிக மோசமான களை என்றே பெயரெடுத்தது. குடைக் கோரைக்கு அந்தக் கிழங்கு இல்லை. ஆனால் மண்ணுக்குள் படரும் மட்டநிலத்தண்டும் விதையும் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் ஹவாய்த் தீவுகளிலும் தோட்டத்திலிருந்து தப்பி ஓடைக்கரைகளைப் பிடித்திருக்கிறது. அழகுக்காகக் கொண்டுவந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை என்ன செய்தது என்பது தெரிந்த கதை. அதனால்தான் இதைத் தொட்டிக்குள் மட்டும் வளர்க்கச் சொல்கிறேன். கோயில் குளத்தை அழகுபடுத்துகிறேன் என்று படித்துறையில் நடும் வேலை வேண்டாம். கருங்கல் இடுக்கில் வேர் போனால் படிக்கட்டுக்குக் கேடு. ஏரிக்கரையில் பசுமை வேண்டுமானால் அங்கே தானாக வளரும் நாட்டுக் கோரைக்கே இடம் விடலாம்.

காஞ்சியில் ஓடும் வேகவதி ஆற்றின் வெள்ளத்தைப் பெருமாளே குறுக்கே படுத்துத் தடுத்தார் என்பது இவ்வூர்த் திருவெஃகா கோயிலின் தலபுராணம். இன்று அந்த ஆற்றில் போவது பெரும்பாலும் ஊரின் கழிவுநீர். அடுக்களைத் தண்ணீரில் ஒரு பங்கை வீட்டுத் தொட்டியிலேயே நிறுத்திவைப்பதால் ஆறு தூய்மையாகிவிடாது. அதற்குக் கழிவுநீர்த் திட்டம் ஒழுங்காக நடக்க வேண்டும். ஆனால் வீட்டளவில் ஒரு குடம் நல்ல தண்ணீர் மிச்சம், முற்றத்தில் ஆண்டு முழுக்கப் பச்சை. விதை முற்றுமுன் பழுப்புப் பூக்கொத்துகளை நறுக்கிவிடுங்கள். வெட்டிய குடைகளை நன்றாகக் காயவைத்து எருக்குழியில் போடுங்கள். ஒரு துண்டுகூடக் கால்வாயிலோ வேகவதியிலோ விழ வேண்டாம்.